பேஸ் கித்தாரை ஏன் நனைக்கிறீர்கள்?

போன மாதம் என் பழைய அலுவலக நண்பருக்கு எண்பதாம் கல்யாணம். மாலையில் மண்டபத்தில் ஆர்க்கெஸ்ட்ரா. அப்பாவுக்குப் பிடித்த பழைய பாட்டுகளாகவே பொறுக்கிப் பிள்ளைகள் பட்டியல் கொடுத்திருந்தார்கள். என் பக்கத்து நாற்காலியில் ஒரு சொல்தா நண்பர். வயது எண்பத்திரண்டு, காதில் கருவி. மூன்றாவது பாட்டு முடிவதற்குள் அந்தக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன முசே?" என்றேன்.

"ஒரே இரைச்சலா இருக்கு. என்ன பாட்டுன்னே பிடிபடல. காது சுத்தமா போயிடுச்சு போல," என்றார். அந்தக் காலத்தில் முதல் இரண்டு சுரம் கேட்டாலே பாட்டைச் சொல்லிவிடக்கூடிய மனிதர் அவர்.

அவர் காதில் கோளாறு இல்லை. மேடையில் பேஸ் வாசித்த பையன் காலடியில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தான். அதன் வழியாக ரிவெர்ப் ஓடிக்கொண்டிருந்தது. அது போதாதென்று ஒலிக்காரரும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்திருந்தார். இடைவேளையில் அவரிடம் போய், "தம்பி, பேஸுக்கு ரிவெர்ப் வேண்டாமே," என்றேன். "பெரியவரே, அது இருந்தாத்தான் சவுண்டு பெருசா வரும். உங்களுக்குக் கேக்கலைன்னா காது டாக்டர்கிட்ட காட்டுங்க," என்றார். அந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இதில் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். எழுபதுகளில் வாரத்தில் ஆறு நாள் கோப்பு கட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சிறு குழுவில் பேஸ் வாசித்தவன் நான். நான்கு கம்பிகளையும் மற்றவர்கள் 'ஈ, ஏ, டி, ஜி' என்பார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு 'மி, லா, ரே, ஸோல்' என்றுதான் வாயில் வரும். அதற்கே கேலி செய்வார்கள். பாடகருக்கென்று எங்களிடம் ஓர் எக்கோ பெட்டி இருந்தது. ஒரு நாள் ஆசைப்பட்டு என் பேஸை அதில் சொருகினேன். இரண்டு பாட்டு ஆனதும் டிரம்ஸ் வாசித்த பெரியவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். "தம்பி, உன் அடி எனக்குக் கேக்கல. வால்தான் கேக்குது. நான் எதைப் பிடிச்சுக்கிட்டு வாசிக்கிறது?" என்றார். அன்றைக்குப் பிடுங்கிய ஒயரை மறுபடி நான் சொருகவில்லை.

விஷயம் எளிதுதான். மலையடிவாரத்தில் கூப்பிட்டால் குரல் தனியாகத் திரும்பி வருகிறதே, அது எதிரொலி. மூடிய கூடத்தில் ஒலி சுவர், தரை, கூரை எல்லாவற்றிலும் பட்டு, ஆயிரம் துணுக்காகத் திரும்பி வந்து, ஒன்றோடொன்று கலந்து தேய்ந்து போவது எதிர்முழக்கம். ரிவெர்ப் பெட்டி இந்த எதிர்முழக்கத்தைத்தான் செயற்கையாகச் செய்கிறது.

எதிர்முழக்கத்தை முதலில் ஒழுங்காக அளந்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டில் இருந்த வாலஸ் சபீன். 1895இல் அங்கே கட்டி முடித்த ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை. ஒரு வார்த்தை அடங்க ஐந்து வினாடிக்கு மேல் ஆயிற்று. சபீன் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கி வந்து பரப்பி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு முழக்கம் குறைகிறது என்று கணக்கெடுத்தார். நம் கல்யாண மண்டபத்தில் மெத்தை எங்கே இருக்கிறது? கிரானைட் தரை, கண்ணாடிக் கதவு, காங்கிரீட் கூரை. எதிர்முழக்கம் ஏற்கனவே இலவசமாகக் கொட்டிக் கிடக்கிறது. அதற்கு மேல் பெட்டியிலிருந்து வேறு ஊற்றுகிறார்கள்.

தெருவிளக்குக்கு எங்கள் பிரெஞ்சு வாத்தியார் சொல்லிக்கொடுத்த வார்த்தை 'ரெவெர்பேர்'. வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் விளக்கு என்று பொருள். ரிவெர்ப் என்பதும் அதே வேரில் பிறந்த சொல்தான். பட்டப்பகலில் யாராவது தெருவிளக்கை ஏற்றுவார்களா?

எல்லா வாத்தியத்துக்கும் இது பொருந்தாதா என்றால், பேஸுக்கு மட்டும் தனிக் காரணங்கள் இருக்கின்றன. அதன் அடிக் கம்பி வினாடிக்கு 41 முறை அதிர்கிறது. அந்த ஒலியலை ஒன்றின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். வயலின், குரல் இவற்றின் மேல் ஒலிகளைத் திரைச்சீலையும் கூட்டத்தின் உடுப்பும் ஓரளவு உறிஞ்சிவிடும். எட்டு மீட்டர் அலையைத் திரைச்சீலை என்ன செய்யும்? ஆகவே கூடத்தில் கடைசியாக அடங்குவது பேஸ்தான்.

இரண்டாவது, குமாஸ்தா கணக்கு. நிமிஷத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டுக்கு அரை வினாடி. ரிவெர்ப்பை இரண்டு வினாடிக்கு வைத்தால், ஒரு சுரத்தின் வால் அடுத்த நான்கு தட்டு வரை இழுபடும். 'தோ'விலிருந்து 'ஃபா'வுக்கும், அங்கிருந்து 'ஸோல்'லுக்கும் பாட்டு நகர்ந்த பிறகும் பழைய 'தோ' போக மனமில்லாமல் உட்கார்ந்திருக்கும். மூன்றும் சேர்ந்து கூழாகிவிடும்.

மூன்றாவதுதான் என் நண்பரின் வழக்கு. பலத்த தாழ்ந்த ஒலி, தனக்கு மேலே உள்ள ஒலிகளை மூடி மறைக்கும். காதின் இயல்பே அது. பாட்டின் சொற்களைப் பிரித்துக் காட்டும் க, ச, ட, த போன்ற மெய்யொலிகள் மேல்ஸ்தாயியில்தான் துலங்கும். வயதானால் முதலில் மங்குவதும் அந்தப் பகுதிதான். நமக்கு மிஞ்சியிருக்கிற கொஞ்சநஞ்சத்தின் மேலேயும் ஓயாத பேஸ் முழக்கத்தைக் கவிழ்த்துவிட்டு, "காது டாக்டர்கிட்ட போ" என்றால் என்ன நியாயம்?

"ரெக்கார்டிங்கில் எல்லாம் ரிவெர்ப் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, பெரும்பாலும் குரலுக்கும் வயலினுக்கும். அமெரிக்காவில் மோட்டவுன் பாட்டுகளுக்குப் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், நாதம் நீளாமல் இருக்கக் கம்பிகளுக்கு அடியில் பஞ்சு வைத்திருந்தார். ஜமைக்காவில் 'டப்' என்று ஓர் இசை உண்டு. ரிவெர்ப்பை வாளி வாளியாக ஊற்றியவர்கள் அவர்கள். குரல், கித்தார், டிரம்ஸ் எல்லாவற்றையும் முக்கி எடுத்த அந்தப் பேர்வழிகளே பேஸை மட்டும் பெரும்பாலும் உலர்ந்தபடி விட்டார்கள். ஏதாவது ஒன்று தரையில் கால் ஊன்றி நிற்கவேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் தனியாக ஒரு பாட்டே பாடிக்கொண்டு போகுமே, அதை நாம் ரசித்ததும் ஒவ்வொரு சுரமும் பிரிந்து கேட்டதால்தான்.

1951இல் லியோ ஃபெண்டர் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த பேஸ் கித்தாரின் பெயர் என்ன தெரியுமா? 'பிரெசிஷன்'. துல்லியம். கட்டை வைத்த கழுத்தில் சுரம் பிசகாமல் பிடிக்கலாம் என்று வைத்த பெயர். அந்தத் துல்லியத்தைத்தான் நாம் காசு கொடுத்துப் பெட்டி வாங்கி அழிக்கிறோம்.

ரிவெர்ப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. பேஸ் மட்டும் தனியாக, மெதுவாக, மேல் சுரங்களில் பாடும் இடத்தில் கொஞ்சம் தூவினால் அழகுதான். அப்படியே வேண்டுமென்றால் சுமார் 200 அதிர்வுக்குக் கீழே உள்ளதை ரிவெர்ப்புக்குள் போகவிடாமல் வெட்டிவிடலாம். அதற்கு ஒலிப் பலகையிலேயே வசதி இருக்கிறது. ஒலிக்காரர்கள் ரிவெர்ப் கலந்ததை 'வெட்' என்றும் கலக்காததை 'டிரை' என்றும் சொல்வார்கள். ஏற்கனவே ஈரமான தரையில் இன்னும் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஐயா! வழுக்கி விழுவது வயசானவர்கள்தான்.

வாசக நண்பர்களே, உங்கள் வீட்டு விசேஷத்துக்கு மண்டபம் பார்க்கப் போகும்போது நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டுங்கள். சத்தம் அடங்குவதற்குள் 'ஒன்று, இரண்டு' என்று எண்ண முடிந்தால், அங்கே பேஸுக்குச் சொட்டு ரிவெர்ப்கூட வேண்டாம். அடுத்த மாதம் என் பேத்தி கல்யாணம். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன்பணம் கொடுத்தபோது, "பேஸ் கித்தாருக்கு ரிவெர்ப் இல்லை" என்று ரசீதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். குமாஸ்தா புத்தி, போகாது. சொல்தா நண்பருக்கு முன்வரிசையில் இடம் போட்டிருக்கிறேன். காதுக் கருவியோடு வரச்சொல்லியிருக்கிறேன்.