ஹால் டிக்கெட்டுக்கு மட்டுமா இயேசு?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நம் சபையின் சண்டே ஸ்கூல் வருகைப் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பு வரை பிள்ளைகள் ஒழுங்காக வருவார்கள். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பெயருக்கு நேரே வரிசையாக 'ஆப்சென்ட்' விழும். டீச்சர் போன் செய்து கேட்டால் நம்மிடம் பதில் தயாராக இருக்கிறது: "இந்த ஒரு வருஷம்தானே டீச்சர், பப்ளிக் எக்ஸாம்." அந்த ஒரு வருஷம் பதினொன்றாம் வகுப்புக்கும் நீளும். பன்னிரண்டில் நீட் கோச்சிங், ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். கடைசியில் பிள்ளை ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டும்போது புது வேதாகமம் ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்து, "தினமும் வாசிக்கணும், ஜெபிக்கணும்" என்று கண் கலங்குகிறோம். மூன்று வருஷமாக விட்டுப்போன பழக்கம் ஹாஸ்டலில் எப்படி வரும்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். படிப்பு முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. நம்மில் பலருடைய பாட்டிமார் எழுத்துக் கற்றதே மிஷன் பள்ளிக்கூடத்தில்தான். என் ஆதங்கம் வேறு. நம் பிள்ளைகள் முதல்முறையாக உண்மையிலேயே பயப்படுகிற வயது இது. தோற்றுவிடுவோமோ, அப்பா முகத்தில் எப்படி விழிப்போம் என்று இரவில் தூங்காமல் புரளுகிற வயது. அந்தப் பயத்தோடு இயேசுவிடம் போகப் பழகவேண்டிய வருஷத்தில்தான் ஆலயத்துக்கு நாமே லீவு எழுதிக் கொடுக்கிறோம்.

பிப்ரவரி வந்தால் மட்டும் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கான சிறப்பு ஜெபம். அன்றைக்கு ஒருவரும் தவறுவதில்லை. ஹால் டிக்கெட், பேனா, ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் பலிபீடத்துக்கு முன் வரிசையாக இருக்கும். ஜெபிப்பது நல்லதுதான். ஆனால் எட்டு மாதம் கண்ணில் படாத இயேசு திடீரென்று பேனாவுக்குக் காவலாளியாக வந்து நிற்பதைப் பிள்ளை எப்படிப் புரிந்துகொள்ளும்? மார்க் வாங்கித் தருகிறவர் என்றுதான். மார்க் வராவிட்டால்?

சாட்சி நேரத்தில் இதைப் பார்க்கலாம். மெடிக்கல் சீட் கிடைத்த பையனின் அம்மா மைக் பிடித்து, கர்த்தர் கைவிடவில்லை என்று உருக்கமாகச் சொல்கிறார். சபையே ஸ்தோத்திரம் சொல்கிறது. அதே ஆராதனையில் நான்கு வரிசைக்குப் பின்னால், சீட் கிடைக்காத இன்னொரு பையன் பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனும்தான் ஜெபித்தான். அப்படியானால் அவனைக் கர்த்தர் கைவிட்டாரா? அவன் வாய்விட்டுக் கேட்கமாட்டான். சில வாரங்களில் வருவதை நிறுத்திவிடுவான். "பையன் பின்வாங்கிட்டான்" என்று நாம் உச்சுக்கொட்டுவோம்.

அந்தப் பையனின் கேள்விக்கு நமக்குத் தெரிந்த கதையிலேயே பதில் இருக்கிறது. பேதுரு தண்ணீரில் நடந்த கதையைச் சின்ன வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தாயிற்று. மத்தேயு 14-ஆம் அதிகாரத்தை நாமே இன்னொரு தரம் நிதானமாக வாசிக்கலாம். சீஷர்கள் விருப்பப்பட்டுப் படகில் ஏறவில்லை. இயேசுதான் அவர்களை வற்புறுத்தி ஏற்றி அனுப்பினார். சொன்ன பேச்சைக் கேட்டுப் போனவர்களுக்குத்தான் எதிர்காற்று. அவர் வந்ததும் உடனே இல்லை, நாலாம் ஜாமத்தில், விடியப்போகும் நேரத்தில். பேதுரு இறங்கி நடந்தான், காற்றைக் கண்டு பயந்தான், அமிழ்ந்தான், கூப்பிட்டான். இயேசு உடனே கையைப் பிடித்தார். நாம் தாண்டிப் போகிற இடம் இதற்கு அப்புறம் வருகிறது. கையைப் பிடித்த பிறகும் காற்று நின்றபாடில்லை. இருவரும் படகில் ஏறிய பின்புதான் அமர்ந்தது. ஆக, அவர் கையைப் பிடித்தபடி படகுவரை போன அந்தச் சில அடிகளும் காற்றுக்குள்தான். நாம் பிள்ளைகளுக்குக் காற்று நின்றதை மட்டும் சொல்லிவிட்டு, காற்றுக்குள் நடந்த அந்தத் தூரத்தை விட்டுவிடுகிறோம்.

எபிரெயர் 11-ஐயும் அப்படித்தான் பாதியில் மூடிவைக்கிறோம். சிங்கத்தின் வாய் அடைபட்டதுவரை ஆமென். கல்லெறியுண்டவர்களும் வாளால் அறுக்கப்பட்டவர்களும் அதே பட்டியலில், அதே விசுவாசத்தோடு இருக்கிறார்கள் என்பது புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் வராது.

வெகு தூரம் போகவேண்டாம், திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பிள்ளைகளுக்குக் காப்பகம் நடத்திய, அவர்கள் 'அம்மா' என்று அழைத்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-இல் விழுந்து காயப்பட்டார். 1951-இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் தம் அறையோடுதான் இருந்தார். சுகம் வரவில்லை. அந்த அறையிலிருந்தே புத்தகங்கள் எழுதினார். பதில் வராத ஜெபத்தோடும் ஆண்டவரைப் பற்றிக்கொண்டு இருக்கலாம் என்பதை அந்த வளாகத்தில் வளர்ந்த பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள்? வேலை போனால், டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னால், சமையலறையில் கதவைச் சாத்திக் குசுகுசுப்பு. அப்புறம் சிபாரிசுக்கு ஆள் தேடி போன்மேல் போன். ராத்திரி குடும்ப ஜெபத்தில் அதைப்பற்றி ஒரு வார்த்தை கிடையாது; வழக்கமான ஜெபம், வழக்கமான ஆமென். "ஆண்டவரே, எங்களுக்குப் பயமாயிருக்கிறது, இந்த மாதம் வீட்டுக்கடன் கட்ட வழி தெரியவில்லை" என்று அப்பா வாய்திறந்து ஜெபிப்பதை ஒரு தடவையாவது பிள்ளை கேட்கட்டும். பயந்துபோகும் என்று தயங்காதீர்கள். வீட்டில் ஏதோ சரியில்லை என்பது அதற்கு எப்போதோ தெரியும்.

டெஸ்ட் ஞாயிறு மதியம் என்றால் காலை ஆராதனைக்கு அழைத்து வாருங்கள். நாள் முழுக்க டெஸ்ட் என்று சொல்கிற கோச்சிங் சென்டரில், ஒரு பிறந்தநாளுக்கு லீவு கேட்கிற தைரியத்தோடு இதற்கும் கேளுங்கள். திடப்படுத்தல் வகுப்பை 'எக்ஸாம் முடியட்டும்' என்று தள்ளிப்போடாதீர்கள். மே மாதம் ரிசல்ட் வருகிற காலையில், லிங்க்கைத் திறப்பதற்கு முன் எல்லோருமாக உட்கார்ந்து நன்றி சொல்லி ஜெபியுங்கள். மார்க்கைப் பார்த்த பிறகு அதே நன்றியை இன்னொரு தரம் சொல்ல உங்களுக்கு நா எழும்புகிறதா என்று உங்கள் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்.