யானை தப்பினாலும் வேல்

காட்டு முயலைத் தைத்த அம்பைவிட, யானை மேல் எறிந்து குறி தப்பிய வேலைக் கையில் ஏந்துவதே இனிது என்கிறார் வள்ளுவர். படைச்செருக்கு அதிகாரம், 772ஆம் குறள். 1840களில் சாயர்புரத்தில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய ஜி.யு. போப், 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது இந்த யானையும் கடல் தாண்டியது.

குறி முக்கியமா, அடி முக்கியமா? இதே வழக்கு ஒரு பகடை ஆட்டத்திலும் நடக்கிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ பேசி நடிப்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார். சண்டை வந்தால் 20 முகப் பகடை உருளும். விழுந்த எண்ணோடு வீரனின் திறமைப் புள்ளியைக் கூட்டி, எதிரியின் காப்பு எண்ணைத் தொட்டால் அடி விழும். எவ்வளவு அடி என்பதற்கு வேறு பகடை.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பில், குறியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அடியைக் கூட்டிக்கொள்ள ஒரு வழி இருந்தது. 2014இன் ஐந்தாம் பதிப்பு அதையே கறாரான பேரமாக்கியது: குறியில் 5 குறை, அடியில் 10 கூட்டு.

ஒரு வீரனுக்குத் திறமை 7. கையில் இரு கைப் பெருவாள். சராசரி அடி 11. எதிரியின் காப்பு 15 என்றால் பகடையில் 8 விழுந்தாலே போதும், அதாவது 20க்கு 13 வாய்ப்பு. வீச்சுக்குச் சராசரி 7.15 தேறும். பேரத்துக்கு ஒப்புக்கொண்டால் வாய்ப்பு 8ஆகச் சுருங்கும், அடி 21ஆகும், சராசரி 8.4. லாபம்தான். காப்பு 18 என்றால் கதை மாறுகிறது: சாதா வீச்சுக்கு 5.5, பேர வீச்சுக்கு 5.25.

இனி வள்ளுவரின் யானை. இந்த ஆட்டத்தில் யானையின் காப்பு வெறும் 12, உயிர்ப்புள்ளி 76. பெரிய உடம்பு, அடிப்பது சுலபம், சாய்ப்பதுதான் கஷ்டம். அதே வீரனின் வாள் சாதாவாக வீசினால் 8.8, பேரத்தில் 11.55. ஒன்பது வீச்சில் முடிகிற வேலை ஏழில் முடியும். அந்த அளவில் வள்ளுவர் கட்சிக்கே வெற்றி. (யானையையே தப்பவிட்ட கை எப்படிப்பட்ட கை என்று மேசையில் கேலி கிளம்பும், அது வேறு.)

ஆனால் சராசரி பல நேரம் ஏமாற்றும். 7 உயிர்ப்புள்ளி உள்ள கோப்ளின் குட்டிப்பூதத்துக்குச் சாதா அடியே பெரும்பாலும் போதும். அதன் மேல் 21 அடியை இறக்கினால் மிச்சம் 14 வீண். குறியில் இழந்த 5 மட்டும் திரும்ப வராது. முயலுக்கு அம்புதான். பெரிய அடிக்கு ஆசைப்பட்டு, சாகக் கிடக்கிற எதிரியைத் தப்பவிட்டு, அடுத்த சுற்றில் அதனிடமே குத்து வாங்கும் ஆட்டக்காரர்கள் உண்டு.

தாயக்கட்டையில் இந்தத் தலைவலி இல்லை. நாலு பக்கப் பித்தளைக் கட்டை இரண்டு. ஒன்றில் ஒற்றைப் புள்ளியும் மற்றதில் வெறும் பக்கமும் விழுந்தால் தாயம், 16க்கு 2 வாய்ப்பு. விழுந்த பிறகுதான் எந்தக் காயை நகர்த்துவது, யாரை வெட்டுவது என்ற யோசனை. ஐந்தாம் பதிப்பிலோ பகடையைத் தொடும் முன்பே பேரத்தைச் சொல்லிவிட வேண்டும். நெஞ்சு படபடப்பதெல்லாம் அந்த ஒரு விநாடியில்தான்.

2024இல் வந்த திருத்தப் பதிப்பு அந்தப் பேரத்தை எடுத்துவிட்டது. பெருவாள்காரனுக்கு இப்போது குறி குறையாமலே கொஞ்சம் கூடுதல் அடி கிடைக்கிறது. கணக்குப் பிசகாது, சண்டை நீளாது. யோசிக்கவும் ஒன்றுமில்லை, அதுதான் குறை.

இரண்டு குறள் தள்ளி, 774இல் இன்னொரு வீரன் வருகிறான். கைவேலை யானை மேல் எறிந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறான். தன் உடம்பில் தைத்திருந்த வேலைக் கண்டு, அதைப் பிடுங்கிச் சிரிக்கிறான். அப்படிப் பிடுங்கினால் எத்தனை உயிர்ப்புள்ளி குறையும் என்று ஆட்டக்காரர் கேட்டால், கதையை நடத்துபவர் அந்த இடத்திலேயே ஒரு பகடையை எடுத்து நீட்ட வேண்டியதுதான்.