திருமங்கலத்தின் இன்னொரு பார்முலா

திருமங்கலம் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது 2009 ஜனவரி இடைத்தேர்தல்தான். ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்கே 'திருமங்கலம் பார்முலா' என்று பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அதற்குப் பல தலைமுறை முன்பிருந்தே இந்தப் பக்கத்து வீடுகளில் வேறொரு பார்முலா நடக்கிறது. பெண்ணுக்கு நகை, பையனுக்கு நிலம்! தமிழ்நாடு முழுக்க இதே கதைதான் என்றாலும், பெயர் என்னவோ இந்த ஊருக்குத்தான் பொருத்தம்.

முன்பு இது பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. வானம் பார்த்த கரிசல் காடு, பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் கடன். அதில் பங்கு கேட்டு என்ன ஆகப் போகிறது? பிறகு நான்குவழிச் சாலை வந்தது. ரோட்டோரக் காடெல்லாம் பிளாட் ஆனது. பெண்ணுக்குப் போட்ட நகை புருஷன் வீட்டுக் கஷ்டத்துக்கு அடகுக் கடைக்குப் போயிருக்கும். பையனுக்கு வந்த நிலமோ பட்டாவில் அப்படியே நிற்கிறது.

அப்பா இறந்த பிறகுதான் சிக்கல் ஆரம்பம். தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ் வாங்கினால் அதில் மகள்களின் பெயரும் இருக்கும். அவர்கள் கையெழுத்து இல்லாமல் நிலத்தை வாங்க யாரும் துணிய மாட்டார்கள். அப்போது தம்பி வருவான். "ஒரே ஒரு கையெழுத்துதான்க்கா, ரிஜிஸ்தர் ஆபீசு வரைக்கும் வந்துட்டுப் போயிரு." அக்காவும் போவாள். அவள் போடுவது விடுதலைப் பத்திரம் என்றோ, அதன் மதிப்பு எவ்வளவு என்றோ பல நேரம் யாரும் சொல்வதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. மனைவி, தாய், இரண்டு மகன், ஒரு மகள் இருந்தால் ஆளுக்கு ஐந்தில் ஒன்று. பூர்வீகச் சொத்தில்தான் மகளுக்கு அநியாயம் நீடித்தது. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. அது தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது வருடம் ஆனது. அதிலும் 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணமான பெண்களுக்குப் பங்கு இல்லை. 2005 செப்டம்பர் 9-ல் வந்த மத்திய அரசின் திருத்தம் அந்தத் தடையை எடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை, மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. (முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் வாரிசுச் சட்டம் வேறு.)

ஆக, சட்டம் கொடுத்ததை ஒரு கையெழுத்து திருப்பி வாங்கிக்கொள்கிறது.

"பையன்தானே கடைசி வரை கஞ்சி ஊற்றுகிறான்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அப்படியானால் அப்பா இருக்கும்போதே அதை வெளிப்படையாக எழுதி வைக்கலாமே! உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்வது நல்லது. மனசு மாறினால் மாற்றி எழுதலாம். ஒன்று, பூர்வீகச் சொத்தில் அவர் தன் பங்கை மட்டும்தான் எழுத முடியும், மகளின் பங்கை அல்ல. மகன் பெயருக்கு இப்போதே செட்டில்மெண்ட் எழுதுகிறவர்கள், பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அதிலேயே சேர்க்க வேண்டும். அவன் கைவிட்டால் 2007-ம் வருட மூத்த குடிமக்கள் சட்டப்படி பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க அந்த வரிதான் கை கொடுக்கும்.

மகள் ஏன் வாய் திறப்பதில்லை? பயம்தான். பங்கு கேட்டால் பிறந்த வீட்டுக் கதவு மூடிவிடும். பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் சீரோடு வந்து நிற்க மாட்டான். உறவா, நிலமா என்று அவளை மட்டும்தான் கேட்கிறார்கள். தம்பியை யாரும் கேட்பதில்லை. எல்லாம் தெரிந்து, மனசார அவள் விட்டுக்கொடுத்தால் அது அவள் உரிமை. தெரியாமல் வாங்கிய கையெழுத்தைப் பாசம் என்று சொல்லக் கூடாது.

காசு வாங்கி ஓட்டுப் போட்டவருக்கும் ஐந்து வருடத்தில் அடுத்த தேர்தல் வரும். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அக்காவுக்கு மறுதேர்தல் கிடையாது. அதனால் அந்தப் பேச்சை ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் ஆரம்பிக்காமல், அப்பா இருக்கும்போதே வீட்டுத் திண்ணையில் எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசிவிடுவதே நல்லது.