நன்றிக் கடிதம் வேண்டாம், கடிதம் வேண்டும்

ஆறாம் ஆண்டில் எங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை நன்றிக் கடிதம் எழுதுவது எப்படி என்று கற்றுக்கொடுத்தார். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலம் அது. முகவரி, தேதி, விளிப்பு, நலம் விசாரிப்பு, நன்றிக்கான காரணம், வாழ்த்து, கையொப்பம். இந்த ஏழும் இருந்தால் மதிப்பெண் குறையாது. இல்லாத மாமா வாங்கித் தராத மிதிவண்டிக்கு நான் எத்தனையோ முறை நன்றி சொல்லியிருக்கிறேன். தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகு அதே மாமாவுக்கு மலாய் மொழியில் நன்றி சொன்னேன். எனவே, நன்றிக் கடிதத்தைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்றே பல்கலைக்கழகத்திற்கு வரும்வரை நினைத்திருந்தேன்.

முதலாம் ஆண்டில் விடுதித் தோழியர் மூவரும் நானும் சேர்ந்து, ஓர் அமைப்பின் வழியாக, ருவாண்டாவில் வாழும் ஒரு பெண்ணுக்கு ஓராண்டு ஆதரவாளராகப் பதிந்துகொண்டோம். மாதந்தோறும் ஆளுக்கு 40 வெள்ளிக்கும் குறைவுதான். பி.தி.பி.தி.என். கடனில் படிக்கும் எங்களுக்கு அது சிறு தொகையன்று. ஆனாலும் இரண்டு முறை வெளியே சாப்பிடாமல் இருந்தால் சேர்ந்துவிடும். பணத்தோடு கடிதமும் எழுதலாம் என்றார்கள். அந்தக் கடிதங்களைப் பற்றியே இங்கு என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

போரில் சிதைந்த பெண்களுக்குப் பணத்தையும் கடிதத்தையும் சேர்த்து அனுப்பும் முறையைப் பரவலாக அறியச் செய்தவர் ஜைனப் சல்பி. பாக்தாத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் வாழ்ந்தபோது, போஸ்னியப் போரில் பெண்கள் முகாம்களில் அடைக்கப்பட்டு வன்கொடுமைக்கு ஆளாவதை அறிந்து, 1993-இல் தம் கணவரோடு சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 23. என்னைவிட ஓராண்டுதான் மூத்தவர்! இன்று ‘பெண்களுக்காகப் பெண்கள்’ எனப் பொருள்படும் பெயரில் இயங்கும் அந்த அமைப்பு, ருவாண்டா, காங்கோ, ஆப்கானிஸ்தான் எனப் பல நாடுகளுக்குச் சென்றது. ஒரு பெண் ஏறத்தாழ ஓராண்டு பயிற்சி பெறுவார். தொழில், சேமிப்பு, உடல்நலம், சட்ட உரிமை ஆகியவை பாடங்கள். எங்கோ இருக்கும் ஆதரவாளர் ஒருவர் பணம் அனுப்புவார், மடலும் எழுதுவார். இதைப் போன்ற திட்டங்களைப் பிறகு வேறு பலரும் நடத்தினர்.

எங்களுக்கு முதல் மடல் மூன்றாம் மாதம் வந்தது. கின்யர்வாண்டா மொழியில் யாரோ எழுதிய தாள். அடியில் ஆங்கில மொழிபெயர்ப்பு. ஏழெட்டு வரிகள். நான் நலம், நீங்கள் நலமா, உங்களுக்கு நன்றி, எனக்கு மூன்று பிள்ளைகள், கோழி வாங்கியிருக்கிறேன், இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. அவ்வளவுதான்.

“இவ்ளோதானா?” என்றாள் என் தோழி ஒருத்தி. எனக்கும் அப்படித்தான் இருந்தது. அது அப்படியே என் ஆறாம் ஆண்டுக் கடிதம். முகவரி முதல் கையொப்பம்வரை எல்லாம் இருந்தன, ஆள் மட்டும் இல்லை.

வாசகர்களே, இங்கே என் தவற்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அவருடைய குறிப்பில் வயது 40 என்று இருந்தது. கணக்குப் போட்டேன். 1994-இல் அவருக்குப் பத்து, பதினொரு வயது இருந்திருக்கும். ஏறத்தாழ நூறு நாள்களில் 8 இலட்சம் பேர், பெரும்பாலும் டுட்சி இனத்தவர், கொல்லப்பட்ட ஆண்டு அது. நான் உடனே உட்கார்ந்து, என் சிறந்த ஆங்கிலத்தில், “உங்கள் குடும்பத்திற்கு அப்போது என்ன நேர்ந்தது? என்னிடம் தயங்காமல் சொல்லுங்கள்” என்று எழுதி அனுப்பினேன். என்னை நான் மிகவும் அன்பானவளாக எண்ணிக்கொண்டேன்.

அந்த விடுமுறையில் பேராக்கிலுள்ள பாட்டி வீட்டிற்குச் சென்றேன். பாட்டி பால்மரம் வெட்டியவர், பள்ளிக்கூடம் போனதில்லை. 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினர். பாட்டியின் அக்காவும் அப்படிப் போனவர்தான். பிறகு இருவருக்கும் இடையே கடிதம்தான். பாட்டி சொல்லச் சொல்லத் தோட்டப் பள்ளி ஆசிரியர் எழுதிக்கொடுப்பாராம்.

“என்ன பாட்டி எழுதச் சொல்வீங்க?” என்று கேட்டேன்.

“என்னத்தச் சொல்றது? வாத்தியார் முன்னால உக்காந்துகிட்டு, உங்க தாத்தா சம்பளத்தையெல்லாம் கள்ளுக்கடையில குடுத்துட்டு வராருன்னு சொல்ல முடியுமா? ‘இங்கு யாவரும் நலம்’னு போடச் சொல்லிட்டு வந்துருவேன்.”

“அப்புறம் பெரிய பாட்டிக்கு எப்படித் தெரியும்?”

“அவ என் அக்கா இல்லையா? உங்க தாத்தாவப் பத்தி நான் ஒரு வார்த்தையும் சொல்லலன்னா அவளுக்குப் புரியாதா?”

எனக்குச் சுருக்கென்றது. ருவாண்டாவில் இருந்து வந்த அந்தத் தாளை எழுதியவரும் ஒரு வாத்தியார்தானே? அதை மொழிபெயர்த்தவர் மற்றொருவர். இரண்டு அந்நியர்களைக் கடந்து, மூன்றாவதாக முகமறியாத எனக்கு, தம் வாழ்வின் மிகக் கொடிய நாள்களை அந்தப் பெண் ஏன் சொல்ல வேண்டும்? 40 வெள்ளிக்காகவா? ‘யாவரும் நலம்’ என்பது வெறும் சடங்குச் சொல் அன்று. தம் மானத்தைக் காத்துக்கொள்ள ஒருவர் சாத்திக்கொள்ளும் கதவு. நான் அந்தக் கதவைத் தட்டாமலேயே தள்ளப் பார்த்திருக்கிறேன்.

வள்ளுவர் ஈகை அதிகாரத்தில், கேட்டு வந்தவரின் மலர்ந்த முகத்தைக் காணும்வரை கொடுப்பவருக்கும் துன்பமே என்கிறார். கொடுப்பவரின் தவிப்பை அவர் அறிந்திருக்கிறார். ஆனால், கடல் கடந்து கொடுக்கும்போது முகம் தெரிவதில்லை. அதனால் நாம் அந்த மலர்ச்சியைக் கடிதத்தில் கேட்கிறோம். மலர்ச்சி போதாதென்று கண்ணீரையும் கேட்கிறோம். கொடுத்ததற்கு ரசீது வேண்டும் என்பதைத்தான் அன்பு என்று பெயரிட்டு அழைக்கிறோம்.

அடுத்த மடலில் என் கேள்விக்குப் பதில் இல்லை. அதை ஒருவரும் கேட்காதது போலவே அவர் கடந்துவிட்டார். மாறாக, அவரே என்னிடம் கேட்டிருந்தார். உங்கள் அம்மா நலமா? உங்கள் ஊரில் என்ன பயிரிடுகிறார்கள்? உங்கள் நாட்டில் பெண் பிள்ளைகளுக்கு நிலத்தில் பங்கு உண்டா?

கடைசிக் கேள்வி பாடத்திலிருந்து வந்திருக்க வேண்டும். ருவாண்டாவில் 1999-ஆம் ஆண்டுச் சட்டம்தான் மகளுக்கும் மகனுக்கும் சமமான வாரிசுரிமை தந்தது. கணவரையும் தந்தையையும் இழந்து, நிலத்தில் உரிமையும் இல்லாமல் தவித்த பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி! 2008 முதல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் கீழவையில் பெண்களே பெரும்பான்மை. நம் மக்களவையின் 222 இடங்களில் 2022 பொதுத்தேர்தலில் பெண்கள் வென்றவை 30. இரக்கப்பட்டுப் பணம் அனுப்பிய எனக்கு இது எதுவும் தெரிந்திருக்கவில்லை.

பதில் எழுத வேண்டுமே என்று அம்மாவிடம் கேட்டேன். நம் நாட்டில் உயில் இல்லாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவரின் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு உண்டு, சட்டம் தடுக்கவில்லை. ஆனால், தாத்தா விட்டுச் சென்ற வீடு மாமா பெயரில்தான் இருக்கிறது. “கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன்” என்றார் அம்மா. அதில் என்ன எழுதியிருந்தது என்று அவர் கேட்கவில்லை. அவரிடம் யாரும் சொல்லவுமில்லை. இருபது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் யாரும் பேசாத ஒன்றை, கோழி வளர்க்கும் ஒரு ருவாண்டாப் பெண் ஒரே வரியில் கேட்டுவிட்டார். அதை அப்படியே அவருக்கு எழுதினேன். நான் எழுதிய முதல் உண்மையான கடிதம் அதுதான்.

இத்தகைய கடிதங்களே வேண்டாம் என்பார் உண்டு. மொழிபெயர்க்கவும் கொண்டு சேர்க்கவும் ஆகும் செலவை இன்னொரு பெண்ணின் பயிற்சிக்குக் கொடுக்கலாமே என்பது ஒரு வாதம். ஏழைப் பெண்ணை நன்றி சொல்ல வைத்து வேடிக்கை பார்க்கும் முறை இது என்பது மற்றொரு வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. இரண்டாவதில் நிறைய இருக்கிறது. அதற்கு நானே சாட்சி.

ஆனாலும் கடிதத்தை நிறுத்திவிடக் கூடாது என்பதே என் கருத்து. பணம் ஒரே திசையில்தான் போகும். கொடுப்பவர் என்றும் கொடுப்பவராகவும், பெறுபவர் என்றும் பெறுபவராகவும் இருப்பர். கடிதம் ஒன்றில்தான் அவரும் எனக்கு ஏதாவது தர முடியும். என்னைக் கேள்வி கேட்க முடியும். அதை நிறுத்தினால் அவருக்கு மிஞ்சுவது வரவுக் கணக்கு மட்டுமே. கோளாறு கடிதத்தில் இல்லை. அதை எழுதும் நம்மிடம் இருக்கிறது.

எனவே, யாருக்கேனும் ஆதரவாளராக இருப்பவர்களுக்கும் இனி ஆகப் போகிறவர்களுக்கும் சில வேண்டுகோள்கள். முதல் கடிதத்தை நீங்கள் எழுதுங்கள். பணம் கட்டிவிட்டு நன்றிக்காகக் காத்திருக்காதீர்கள். உங்கள் அம்மாவைப் பற்றி, மழையைப் பற்றி, தோற்ற தேர்வைப் பற்றிச் சொல்லுங்கள். காயத்தைக் கேட்காதீர்கள், சொல்ல விரும்பினால் அவரே சொல்வார். மொழிபெயர்ப்பாளர் தடுமாறாதபடி எளிமையாக எழுதுங்கள். பதில் வராவிட்டாலும் எழுதுங்கள். பலர் சேர்ந்து படிக்கும் வகுப்பில் சிலருக்கு மட்டும் கடிதம் வந்து, தமக்கு வராமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று, அவருடைய மடலையும் படத்தையும் முகநூலில் போடாதீர்கள். 2021 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தான் மீண்டும் தாலிபான் வசமானபோது, தம் பெயரும் படமும் எங்கெங்கே இருக்கின்றன என்று அஞ்சிய பெண்கள் பலர். உங்களை நம்பி எழுதியது உங்களுக்கு மட்டுமே உரியது. இந்தக் கட்டுரையில் அவர் பெயரை நான் எழுதாததற்கும் காரணம் அதுதான்.

எங்கள் ஓராண்டு முடிந்துவிட்டது. கடைசி மடலில் அவர் தம் பெயரைத் தாமே எழுதியிருந்தார். எழுத்துகள் சற்றுப் பெரியவை, கோட்டுக்கு மேலே ஏறி இறங்கின. நன்றி என்ற சொல் அதில் இருந்ததா என்று இப்போது நினைவில்லை. வீட்டுப் பத்திரத்தைப் பற்றி அம்மா மாமாவிடம் பேசினாரா என்று கேட்டிருந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அம்மா இன்னும் பேசவில்லை. ஆனால், பத்திரத்தின் நகல் ஒன்று வேண்டும் என்று சென்ற மாதம் மாமாவிடம் கேட்டிருக்கிறார்.