கதவோரம் அமர்ந்து பறந்தவர்களின் சாட்சியம்

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறைச் செயலாளர் அவர்களுக்கு,



வியட்நாம் போரில் ஹெலிகாப்டர்களில் பறந்தவர்கள் தங்களுக்கென்று சங்கங்கள் அமைத்துப் பல ஆண்டுகளாகப் பெயர்ப் பட்டியல்களையும் விபத்துக் குறிப்புகளையும் கடிதங்களையும் புகைப்படங்களையும் சேர்த்து வருகிறார்கள். அவற்றைப் படியெடுத்துப் பாதுகாக்கத் தங்கள் துறை முன்வர வேண்டும். விமானிகளுக்குப் பின்னால், திறந்த கதவோரம் அமர்ந்து பறந்த சிப்பாய்களின் வாக்குமூலத்தை, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்ய வேண்டும். இதைக் கேட்கவே இந்த மடல்.

நான் தங்கள் நாட்டுக் குடிமகன் இல்லை. அந்தப் போர் நடந்திருக்கவே கூடாது என்று நினைப்பவன். அப்படிப்பட்டவனுக்கு அமெரிக்கச் சிப்பாய்களின் நினைவைப் பற்றி என்ன அக்கறை என்று தாங்கள் கேட்கலாம். அந்தப் போரில் நடந்த மிகக் கொடிய குற்றத்தை உலகம் அறிந்ததே ஹெலிகாப்டர் சிப்பாய்களால்தான் என்பது என் பதில்.

1968 மார்ச் 16 காலை. குவாங் நகாய் மாகாணத்தின் சோன் மை கிராமத்துக்கு மேலே ஓஎச்-23 என்ற சிறிய ரக ஹெலிகாப்டர் ஒன்று தாழ்வாகப் பறந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் ஹ்யூ தாம்சன், வயது 24. உடன் இருந்தவர்கள் இருவர். ஹெலிகாப்டரின் பராமரிப்புக்குப் பொறுப்பான க்ரூ சீஃப் கிளென் ஆண்ட்ரியோட்டாவுக்கு வயது 20. துப்பாக்கியோடு அமர்ந்திருந்த லாரன்ஸ் கோல்பர்னுக்கு 18. எதிரி எங்கே இருக்கிறான் என்று மேலிருந்து பார்த்துச் சொல்வது அவர்களுக்கு இட்ட வேலை. அவர்கள் பார்த்ததோ வாய்க்காலில் குவிந்து கிடந்த கிழவர்கள், பெண்கள், குழந்தைகளின் உடல்களை.

தாம்சன் ஹெலிகாப்டரைத் தரையிறக்கினார். பதுங்குகுழிக்குள் ஒடுங்கியிருந்த கிராமத்தாருக்கும் அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்த சொந்த நாட்டுச் சிப்பாய்களுக்கும் இடையில் இறக்கினார். நம் சிப்பாய்கள் இந்த மக்களைச் சுட்டால் நீங்கள் அந்தச் சிப்பாய்களைச் சுடுங்கள் என்று தன்னுடன் வந்த இருவருக்கும் சொல்லிவிட்டு, தான் மட்டும் குழியை நோக்கி நடந்தார். துணைக்குப் பறந்த இன்னொரு ஹெலிகாப்டரை இறங்கச் சொல்லி அந்த மக்களை ஏற்றி அனுப்பினார். பிறகு வாய்க்காலின் மேலே பறந்தபோது உடல்களுக்கு நடுவில் ஏதோ அசைவதை ஆண்ட்ரியோட்டா கண்டார். இறங்கி, இரத்தமும் சேறுமான அந்த வாய்க்காலுக்குள் நடந்துபோய், உயிரோடிருந்த ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார். குழந்தையை மருத்துவமனையில் சேர்த்துவிட்டுத் தளத்துக்குத் திரும்பிய தாம்சன், கண்டதையெல்லாம் மேலதிகாரிகளிடம் கொதித்துச் சொன்னார்.

படை அதை மூடி மறைத்தது. தாம்சனுக்கு ஒரு பதக்கம் கொடுத்து, அதன் குறிப்பில் இரு தரப்புத் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவில் சிக்கிய குழந்தையைக் காப்பாற்றியதாகப் பொய் எழுதியது. அவர் அந்தப் பதக்கத்தை எறிந்துவிட்டார். ஆண்ட்ரியோட்டா மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 8 அன்று, வேறொரு பறப்பில் கொல்லப்பட்டார். வாய்க்காலுக்குள் இறங்கிய கண்கள் அவருடையவை. அவை கண்டதை அவர் வாயால் எந்த விசாரணையும் கேட்கவில்லை.

மறைத்ததை வெளியே கொண்டுவந்தவரும் ஒரு ஹெலிகாப்டர் சிப்பாய்தான். ரான் ரைடனவர் அதே பகுதியில் துப்பாக்கிவீரராகப் பறந்தவர். படுகொலை நடந்தபோது அவர் அங்கே இல்லை. நண்பர்கள் சொல்லக் கேட்டார். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் விசாரித்து உறுதி செய்தார். ஊர் திரும்பிய பின் 1969 மார்ச்சில் நாடாளுமன்ற உறுப்பினர்களும் அதிகாரிகளுமாக ஏறத்தாழ முப்பது பேருக்கு ஒரு கடிதம் எழுதினார். விசாரணை அதிலிருந்து பிறந்தது. அந்த ஆண்டு நவம்பரில் பத்திரிகையாளர் செய்மோர் ஹெர்ஷ் எழுதிய செய்தியால், சோன் மையின் ஒரு பகுதியான மைலாயின் பெயர் உலகெங்கும் பரவியது. சோன் மையில் இன்று நிற்கும் நினைவிடத்தில் 504 பேரின் பெயர்கள் உள்ளன. சாதாரணச் சிப்பாய்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டது எவ்வளவு பெரிய ஆவணம் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியவில்லை.

ஐயா, வியட்நாமில் அதிகம் பறந்த ஹியூயி ரக ஹெலிகாப்டரில் வழக்கமாக நான்கு பேர் இருப்பார்கள். முன்னால் விமானிகள் இருவர். பின்னால் ஒரு பக்கம் க்ரூ சீஃப், மறுபக்கம் துப்பாக்கிவீரர்; இருவர் கையிலும் எம்-60 இயந்திரத் துப்பாக்கி. விமானி இன்றைக்கு ஒரு ஹெலிகாப்டரை ஓட்டுவார், நாளைக்கு இன்னொன்றை. க்ரூ சீஃபுக்கோ ஒரே ஹெலிகாப்டர். பகலெல்லாம் அதில் பறந்துவிட்டு, விமானிகள் தூங்கப் போன பிறகு, கைவிளக்கு வெளிச்சத்தில் எண்ணெய் பார்த்து, குண்டு துளைத்த இடங்களை ஒட்டி, மறுநாள் விடியலுக்குள் அதைப் பறக்கத் தயார்செய்ய வேண்டியவர் அவர். காயம்பட்டவர்களை ஏற்றிப் போன பிறகு ஹெலிகாப்டரின் தளத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியவரும் பெரும்பாலும் அவரே. யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள், யார் இறங்கவே இல்லை என்று அறிந்தவர்.

விமானிகள் சங்கத்தின் கணக்குப்படி அந்தப் போரில் ஏறத்தாழ 12,000 ஹெலிகாப்டர்கள் பறந்தன. அவற்றில் 5,000-க்கு மேல் அழிந்தன. உயிரிழந்த விமானிகள் 2,202 பேர். விமானிகள் அல்லாத பறப்புக் குழுவினர் 2,704 பேர். செத்தவர்களில் பின்னால் அமர்ந்தவர்களே அதிகம். புத்தகங்களிலும் பதக்கப் பட்டியல்களிலும் திரைப்படங்களிலும் முன்னால் அமர்ந்தவர்களே அதிகம். இது விமானிகளைக் குறை சொல்வது ஆகாது. 1998-ல், முப்பது ஆண்டு தாமதமாக, தாம்சனைக் கௌரவிக்கப் படை முன்வந்தபோது, கோல்பர்னையும் இறந்துபோன ஆண்ட்ரியோட்டாவையும் சேர்க்க வேண்டும், விழா வாஷிங்டனில் வியட்நாம் நினைவுச் சுவரருகே நடக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவரே. முன்னால் அமர்ந்தவர் பின்னால் அமர்ந்தவர்களை எப்படி மதிக்க வேண்டும் என்பதற்கு அவரை விஞ்சிய ஆளில்லை.

விமானிகள் 1983-ல் சங்கம் கண்டார்கள். க்ரூ சீஃப்களும் துப்பாக்கிவீரர்களும் தங்களுக்கென்று தனிச்சங்கம் அமைத்தார்கள். காயம்பட்டோரைச் சுமந்து பறந்த ‘டஸ்ட் ஆஃப்’ குழுவினருக்கு வேறொரு சங்கம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை ஆண்டுக்கொரு முறை கிழவர்கள் ஏதோ ஓர் ஊர் விடுதியில் கூடி, பழங்கதை பேசிக் கலையும் கூட்டமாகத் தெரியலாம். அங்கே நடப்பது பெரும்பாலும் தேடல். அந்த நாளில், இந்த வால் எண் கொண்ட ஹெலிகாப்டரில், என்னோடு இருந்தது யார் என்ற தேடல்.

இந்தத் தேடலுக்கும் தங்கள் அலுவலகத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. க்ரூ சீஃபின் பணிப்பதிவேட்டைப் பிரித்தால் ஹெலிகாப்டர் பழுதுபார்ப்பவர் என்ற பொருளுடைய ஒரு குறியீட்டு எண் இருக்கும். மெக்கானிக் என்றால் பணிமனையில் இருந்தவர் என்றே அலுவலகத்தில் இருப்பவர் எண்ணத் தோன்றும். காலாட்படையிலிருந்தோ சமையற்கூடத்திலிருந்தோ தானாக முன்வந்து துப்பாக்கிவீரராகப் பறந்தவர்களின் ஏட்டில் பறந்ததற்கான தடயமே குறைவாக இருக்கும். அப்படிப்பட்டவர் உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கும்போது, ஆம், இவர் என் பக்கத்தில் இருந்தார் என்று எழுதித்தர ஒரு தோழன் வேண்டும். தோழர்களின் எழுத்துச் சாட்சியத்தைத் தங்கள் துறை ஏற்கிறது. அது நல்ல ஏற்பாடு. அந்தத் தோழனைக் கண்டுபிடித்துத் தருபவை இந்தச் சங்கங்கள்தாம். 1968-ல் பதினெட்டு வயதில் பறந்தவர் இன்று எழுபத்தைந்தைக் கடந்தவர். பட்டியலை அறிந்த மூத்த உறுப்பினர் ஒருவர் மறையும்போது, உயிரோடிருக்கும் எத்தனையோ பேரின் சாட்சியும் மறைந்துபோகிறது.

பதிவேடுகளின் நிலையாமை தங்கள் நாட்டுக்குப் புதிதில்லை. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே இராணுவப் பணிப்பதிவேட்டு மையத்தில் பிடித்த தீயில் 160 லட்சத்துக்கு மேற்பட்ட கோப்புகள் எரிந்தன. பெரும்பாலானவற்றுக்கு வேறு படி இல்லை. உலகப் போரிலும் கொரியாவிலும் போரிட்டவர்கள், நான் படையில் இருந்தேன் என்று நிரூபிக்கச் சம்பளச் சீட்டையும் பழைய கடிதங்களையும் தேடி அலைந்தார்கள். வியட்நாம் காலத்தவரின் கோப்புகள் பெரும்பாலும் தப்பின. ஆனால் அவர்கள் வாழ்க்கையின் முக்கியமான பகுதி எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. அது சங்கங்களின் பட்டியலில் இருக்கிறது. வீட்டுப் பரண்களில், காலணிப் பெட்டிகளில் இருக்கிறது.

சாட்சி உயிரோடு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு லாரி டெய்லரின் கதை போதும். 1968 ஜூன் 18 இரவு, சூழ்ந்துகொண்ட எதிரிகளிடம் சிக்கிய நான்கு பேர் கொண்ட உளவுக் குழுவைக் காக்க அவர் கோப்ரா ரக ஹெலிகாப்டரைத் தரையிறக்கினார். கோப்ராவில் இடம் இரண்டு பேருக்குத்தான். நால்வரும் வெளிப்புறத்தில், கால்சட்டங்களையும் ராக்கெட் கூடுகளையும் பற்றிக்கொண்டு உயிர் தப்பினார்கள். அவர்களில் ஒருவர் பிற்காலத்தில் விடாமல் முயன்றதால், 2023 செப்டம்பரில் டெய்லருக்கு உங்கள் நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் கிடைத்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து! அடுத்த ஐந்து மாதத்துக்குள் டெய்லர் காலமானார். காப்பாற்றப்பட்டவர் முந்தி இறந்திருந்தால் இந்தக் கதையை நாம் அறிந்திருக்கவே மாட்டோம்.

தங்கள் அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2018 ஏப்ரலில் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் ஹெலிகாப்டர் விமானிகளுக்கும் குழுவினருக்கும் நினைவுக்கல் எழுந்தது. அதற்கும் சங்கத்தார் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது என்பது வேறு. 2022-ல் வந்த சட்டம் அந்தப் போரில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்ச் நஞ்சுக்கு ஆளானவர்களுக்கான நோய்ப் பட்டியலில் இரத்தக் கொதிப்பையும் சேர்த்தது. ஏறத்தாழ 9 லட்சம் பேரைச் சுமந்து காத்த டஸ்ட் ஆஃப் குழுவினருக்கு நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் வழங்க 2024-ல் சட்டம் இயற்றப்பட்டது. எல்லாம் நன்று. ஆனால் கல்லும் பதக்கமும் சாட்சி சொல்லாது. போரின் 50-ஆம் ஆண்டையொட்டி 2012-ல் தொடங்கிய நினைவுகூரலும் 2025-ல் முடிந்துவிட்டது.

புதிதாக எதையும் படைக்க வேண்டியதில்லை. தங்கள் மருத்துவமனைகளில் நோயாளியின் வாழ்க்கைக் கதையைக் கேட்டு எழுதி, அவருடைய மருத்துவக் குறிப்போடு சேர்க்கும் திட்டம் ஒன்று 2013-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் தொடங்கி இன்று பல ஊர்களுக்குப் பரவியிருக்கிறது. மருத்துவர் தன் நோயாளியை மனிதராக அறிய வேண்டும் என்ற அந்த எண்ணத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அந்தக் கதை பெரும்பாலும் மருத்துவக் கோப்போடு நின்றுவிடுகிறது என்பதுதான் என் குறை. அவர் சம்மதித்தால் ஒரு படி நாடாளுமன்ற நூலகத்துக்குப் போகட்டும். படைவீரர் வாழ்வரலாறுகளைச் சேர்க்கும் பிரிவு அங்கே 2000-லிருந்து இயங்குகிறது. டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் வியட்நாம் ஆவணக்காப்பகத்திலும் ஒரு படி இருக்கட்டும்.

நேர்காணலை நேரில் எடுக்கச் சொல்லுங்கள். டர்பைன் எஞ்சினின் அலறலுக்கும் காதோரம் வெடித்த துப்பாக்கிக்கும் இடையில் பறந்தவர்களுக்குத் தொலைபேசியில் கேட்கும் கேள்வி சரியாகக் காதில் விழாது. இணையத்தில் நிரப்பும் படிவத்தைப் பலர் தொடவே மாட்டார்கள். காது பரிசோதனைக்கும் செவிப்பொறிக்கும் தங்கள் மருத்துவமனைக்குத்தான் வருகிறார்கள். அங்கேயே உட்கார வைத்து, எதிரில் அமர்ந்து, முகம் பார்த்துக் கேட்கலாம்.

சங்கங்களின் குறையையும் மறைக்க விரும்பவில்லை. ஒன்றாகச் செத்துப் பிழைத்தவர்கள் கூடும் இடத்தில் வீரக்கதை எளிதாக வரும். வெட்கக் கதை வராது. தாம்சனைத் துரோகி என்று வெறுத்தவர்களில் அவரோடு சீருடை அணிந்தவர்களும் இருந்தார்கள். வயலில் ஓடியவன் எதிரியா உழவனா என்று தெரியாமல் சுட்டு, அதை ஐம்பது ஆண்டாக நெஞ்சில் சுமப்பவர்கள் அந்தக் கூட்டங்களில் வாய் திறக்காமல் இருக்கக்கூடும். அதனால்தான் பதிவு செய்பவர் வெளியாளாக, பயிற்சி பெற்ற வரலாற்றாளராக இருக்க வேண்டும். சொன்னது உதவித்தொகையைப் பாதிக்காது, சொன்னவர் விரும்பினால் அவர் காலத்துக்குப் பிறகே வெளியாகும் என்ற எழுத்துபூர்வ உறுதியும் வேண்டும். அந்தக் கதைகளை உங்கள் பேரப்பிள்ளைகள் மட்டுமல்ல, குவாங் நகாயின் பேரப்பிள்ளைகளும் கேட்க உரிமையுள்ளவர்கள்.

தென்வியட்நாம் விமானப்படையின் ஹெலிகாப்டர் குழுவினரும் இதில் இடம்பெற வேண்டும். உங்கள் சிப்பாய்களை லாவோஸ் எல்லைக்குள் இறக்கியதும், குண்டுமழையில் மீட்டு வந்ததும் பல நேரங்களில் அவர்களின் பழைய எச்-34 ஹெலிகாப்டர்களே. 1975 ஏப்ரல் கடைசியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கடலை நோக்கிப் பறந்து, அமெரிக்கக் கப்பல்களில் இறங்கியவர்கள் பலர் உங்கள் நாட்டிலேயே முதுமை அடைந்திருக்கிறார்கள். சட்டப்படி அவர்கள் தங்கள் துறையின் பொறுப்பில் இல்லாமல் இருக்கலாம். அவர்களோடு பறந்த அமெரிக்கர்கள் தங்கள் பொறுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் வாயிலாக இவர்களையும் தேடலாம்.

சங்கங்களின் தலைவர்களை இந்த ஆண்டே அழைத்துப் பேசுங்கள். பட்டியல்களைப் படியெடுக்க ஆளும் பணமும் ஒதுக்குங்கள். அதிகாரிகளிடம் தொடங்காமல், ஆண்ட்ரியோட்டாவைப் போல், கோல்பர்னைப் போல், ரைடனவரைப் போல் பின்னால் அமர்ந்து பறந்தவர்களிடம் முதல் நேர்காணலைத் தொடங்க ஆணையிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு தமிழ்க் கட்டுரையாளன்