பேஸ் கிட்டாரின் பெயரைக் கேட்டுச் சம்பளம் போடுவதா?

சுரண்டை வட்டாரத்துக் கொடை விழாக்களுக்குக் கச்சேரி பிடித்துக் கொடுக்கும் ஒருவர், விழாக் கமிட்டியாருக்கென்று துண்டறிக்கை ஒன்றை அச்சடித்துக் கொடுத்துவருகிறார். நல்ல மெல்லிசைக் குழுவை அடையாளம் காண்பது எப்படி என்பது விஷயம். அதில் பேஸ் கிட்டாருக்கு மட்டும் அரைப் பக்கம். தேர்ந்த கலைஞர்கள் விலை உயர்ந்த வெளிநாட்டுப் பேஸைத்தான் கையில் எடுப்பார்களாம். அதிலும் ஐந்து கம்பி போட்டு, பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பேஸ்தான் தொழில்காரனுக்கு அடையாளமாம். பழைய நாலு கம்பிக் கிட்டாரோ கொல்கத்தாவில் செய்ததோ வைத்திருப்பவனுக்குப் பாதிச் சம்பளம் போதுமாம்.

முதல் வாதமே பொய். பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க் நகரில் ஹாஃப்னர் பேஸை வாங்கியதற்குக் காரணம் அதன் விலைக் குறைவு. ஏறக்குறைய முப்பது பவுண்டு. ஃபெண்டர் வாங்க அவரிடம் காசில்லை. இரண்டு பக்கமும் ஒரே வடிவமாக இருந்ததால், இடது கைக்காரரான அவருக்கு அது பார்வைக்கும் ஒத்துவந்தது. பீட்டில்ஸ் உலகத்தைப் பிடித்தது அந்த ஹாஃப்னர் வகைக் கிட்டாரோடுதான். டெட்ராய்ட்டில் மோட்டவுன் கம்பெனிப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962-ஆம் ஆண்டின் ஃபெண்டர் பிரிசிஷன் ஒன்றை வைத்துக்கொண்டு, கம்பி அறுந்தாலொழிய மாற்றாமல், ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டினார். ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் பழைய ஃபெண்டர் ஜாஸ் பேஸில் பிரெட் இல்லாத கழுத்தின்மேல் படகுக்குப் பூசும் எபாக்சியைப் பூசி வாசித்தார். துண்டறிக்கைக்காரரின் கணக்குப்படி இந்த மூவருக்கும் பாதிச் சம்பளம்தான்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 1976-இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜா, தமிழ்ப் பாட்டில் பேஸ் கிட்டாரைப் பின்வரிசையிலிருந்து முன்னால் கொண்டுவந்தார். 'மூடுபனி', 'நினைவெல்லாம் நித்யா' படப் பாடல்களில் பாடகரோடு சேர்ந்து இன்னொரு குரல் அடியில் பேசிக்கொண்டே போகும். ஒவ்வொரு ஸ்வரத்தையும் அவர் தாளில் எழுதிக் கொடுப்பார். சசிதரன் போன்ற கலைஞர்கள் அதைப் பார்த்து வாசித்தார்கள். நாற்பது ஆண்டுகளாக அந்த அடிநாதத்தை முணுமுணுக்கும் நம் சனங்களில் ஒருவராவது அது எந்தக் கம்பெனிக் கிட்டார் என்று கேட்டதுண்டா? எழுதியவரின் அறிவும் வாசித்தவரின் விரலும் கேட்கும் காதுக்குப் போதுமானதாக இருந்தன.

ஐந்து கம்பி விவகாரத்துக்கு வருகிறேன். நாலு கம்பி பேஸின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிரும். ஐந்தாவது கம்பி 31 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். கொடை விழாவுக்கு வரும் மைக் செட் பெட்டிகளில் பெரும்பாலானவை 40-க்குக் கீழே திணறிப்போகும். அந்தக் கம்பிக்கு ஒரு நியாயமான வேலை உண்டு: பாடகர் கட்டையை இறக்கிப் பாடும்போது, கீழே போக வேண்டிய ஸ்வரம் கைக்குக் கிடைக்கும். அந்தத் தேவை உள்ளவர் அதை வாங்குகிறார். இல்லாதவர் வாங்கவில்லை. திறமை இதில் எங்கே வந்தது?

ஆக்டிவ் பேஸ் நல்ல சாதனம்தான். நீளமான கேபிளிலும் ஒலி மங்காது. பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லர் தன் 1977 ஜாஸ் பேஸில் அந்தச் சர்க்யூட்டைப் பொருத்தியே தன் ஒலியை உருவாக்கினார். ஆனால் ஒன்பது வோல்ட் பேட்டரி பாட்டின் நடுவே தீர்ந்தால் பல ஆக்டிவ் பேஸ்கள் அந்த இடத்திலேயே ஊமையாகிவிடும். நடுராத்திரியில் கோயில் திடலில் பேட்டரிக்கு எங்கே ஓடுவது?

மேடைக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர், தலைக்குமேல் சீரியல் செட். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருள் பிக்கப் இதில் இரையும். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பையும் சமமாகத் திறந்து வைத்தால் இரைச்சல் அடங்கும், ஒன்றைக் குறைத்தால் திரும்ப வரும். 1957-இல் பிரிசிஷன் பேஸுக்கு வந்த இரட்டைத் துண்டு பிக்கப்போ அந்த இரைச்சலைத் தானே அடித்துவிடும். ஆகவே, கச்சேரிக்காரன் ஒருவன் பழைய நாலு கம்பி பிரிசிஷன் வகையையே விடாமல் வைத்திருந்தால், அவன் தன் மேடையை அறிந்தவன் என்று அர்த்தம்.

சாரல் மாதங்களையும் துண்டறிக்கைக்காரர் மறந்துவிட்டார். ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்துக் காற்று ஈரத்தோடு வீசும்போது கிட்டாரின் கழுத்து மரம் வளைந்து கம்பியின் உயரம் மாறும். கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராடைக் கால்சுற்று திருப்பிச் சரிசெய்யத் தெரிந்தவன் எந்தப் பேஸையும் சுருதியில் நிறுத்துவான். தெரியாதவனிடம் லட்ச ரூபாய்ப் பேஸ் இருந்தாலும் அன்றைய கச்சேரி கெட்டதுதான்.

எனக்கு ஆத்திரம் வருவது அந்தப் பாதிச் சம்பளத்தில்தான். இந்த வட்டாரத்தில் பேஸ் வாசிக்கும் பிள்ளைகளில் பலர் சர்ச் பாடகர் குழுவிலும் அசனப் பண்டிகையிலும் கைபழகி, பிறகு கொடைக் கச்சேரிக்கு வந்தவர்கள். பகலில் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிவிட்டு, இரவில் ஐந்து மணி நேரம் நின்று வாசிக்கிறவர்களும் அவர்களில் உண்டு. கிட்டாரின் பெயரைச் சொல்லி இவர்கள் கூலியில் பாதியை வெட்டச் சொல்கிறவர், வெட்டிய பாதி யாருக்குப் போகும் என்பதை எழுதவில்லை. கமிட்டியிடம் முழுத் தொகை வாங்குகிற இடைத்தரகர் அதை எழுத மாட்டார். இந்த அறிக்கையைப் படித்துப் பயந்து எந்தப் பையனாவது வட்டிக்கு வாங்கிப் புதுப் பேஸ் எடுத்தால், அந்தக் கடனுக்கு இவர் பொறுப்பு.

கமிட்டிப் பெரியவர்களே, அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். குழுவைப் பேசி முடிக்கும் முன் இரண்டு பாட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பேசிய சம்பளத்தைத் தரகர் கையில் கொடுக்காமல், வாசித்தவர் கையிலேயே கொடுங்கள்.