மரத்திலும் ஜாதியா?

ஜாதி வித்தியாசத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், வைதீகர்கள் உடனே மரத்தைத் துணைக்கு அழைப்பது வழக்கம். “மரத்திலேயே ஜாதி இருக்கின்றதே! வேம்பு வேறு, அரசு வேறு என்று ஆண்டவனே படைத்திருக்கும்போது, மனிதனில் மட்டும் ஜாதி கூடாதா?” என்று கேட்பார்கள். இதைக் கேட்டு விழிப்பவர்களும் உண்டு. ஆகவே அந்த மரத்தின் சங்கதியையே சற்று விசாரித்துப் பார்ப்போம்.

வேம்பும் அரசும் தூரத்துச் சொந்தம். மிகவும் நெருங்கிய இரண்டு மரங்களை எடுத்துக் கொண்டால்தான் இந்த வாதத்தின் யோக்கியதை விளங்கும். ஐரோப்பாவில் ஓக் என்று ஒரு மரம் பெருவாரியாய் வளருகின்றது. நம் பக்கத்துக் காடுகளில் அது இயற்கையாய் வளருவதில்லை. கப்பல் கட்டுவதற்கும், திராட்சை ரசப் பீப்பாய் செய்வதற்கும் பேர் போனது. அதிலே ரோபர் என்றும் பெட்ரேயா என்றும் இரண்டு இனங்கள் உண்டு. ரோபரின் இலைக்குக் காம்பு மிகவும் குட்டை. இலையின் அடியில் காது போல இரண்டு சிறு மடல்கள் இருக்கும். அதன் கொட்டையோ நீண்ட காம்பில் தொங்கும். பெட்ரேயா இதற்கு நேர் மாறு. இலைக்குக் காம்பு நீளம், அடியில் காது இல்லை. கொட்டை கிளையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும்.

ரோபர் என்ற பெயரை 1753-ல் லின்னேயஸ் என்னும் சாஸ்திரி தமது புத்தகத்தில் எழுதினார். பெட்ரேயா தனி இனமென்று பெயர் பெற்றது அதற்குப் பின்னர்தான். அன்று புதிதாய் மரம் ஒன்றும் முளைத்துவிடவில்லை, பெயர்தான் முளைத்தது!

சரி, இலை அடையாளமாவது உறுதியா என்றால், அதுவும் இல்லை. ஒரே மரத்தில் வெயில் படும் இலை ஒரு மாதிரியும், நிழலில் இருக்கும் இலை வேறு மாதிரியும் இருக்கின்றது. அல்போன்ஸ் டி கண்டோல் என்னும் தாவர நிபுணர் 1862-ல் ஓக் மரங்களை ஆராய்ந்தபோது, ஒரே கிளையிலேயே மாறிக் காணப்படும் குணங்கள் ஒரு டஜனுக்கு மேல் இருக்கக் கண்டார். தாம் கணக்கில் சேர்த்த சுமார் 300 ஓக் இனங்களில் மூன்றில் இரண்டு பங்காவது தற்காலிகமான பெயர்களே என்று ஒப்புக் கொண்டார். இனங்கள் மாறுவன என்று சொன்ன டார்வின், தமது நூலின் பிற்பதிப்பில் இதையே எடுத்துக் காட்டினார்.

அன்றியும், இந்த இரண்டு மரங்களும் ஒன்றோடொன்று கலக்கின்றன. ஒன்றின் மகரந்தம் காற்றில் பறந்து மற்றொன்றின் பூவில் விழுகின்றது. கொட்டை முளைத்து மரமாகின்றது. அந்தக் கலப்பு மரமும் காய்க்கின்றது. எந்தப் பஞ்சாயத்தும் கூடி அதைத் தள்ளி வைக்கவில்லை.

இலைக்குப் பச்சை நிறம் கொடுக்கும் பசுங்கணிகம் என்னும் நுண்பொருள், ஓக் மரத்தில் தாய் வழியாகவே வருகின்றது. ஐரோப்பா முழுவதும் 2,000-க்கு மேற்பட்ட இடங்களில் ஓக் மரங்களை எடுத்து ஆராய்ந்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே காட்டில் நிற்கும் ரோபருக்கும் பெட்ரேயாவுக்கும் அது பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றது. ஆனால் இந்தக் காட்டு ரோபருக்கும் தூரத்துக் காட்டு ரோபருக்கும் வேறாக இருக்கின்றது! அதாவது, தாய் வழியைப் பார்த்தால் இனத்தாரைவிட அடுத்த வீட்டுக்காரரே நெருங்கிய உறவு.

வித்தியாசமே கிடையாது என்று சாதிப்பது நமது நோக்கமல்ல. நமக்கு வசதியாய் இல்லாத உண்மையை மறைத்தால், நமக்கும் வைதீகர்களுக்கும் என்ன பேதம்? உள்ளதைச் சொல்லுவோம். 2018-ல் ரோபரின் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டு வெளியாயிற்று. அதில் ஏறக்குறைய 26,000 மரபணுக்கள் இருக்கின்றன. பெட்ரேயாவோடு ஒப்பிட்டால், பெரும்பகுதி இரண்டுக்கும் பொது. சிற்சில இடங்களில் மட்டும் தெளிவான பேதம் தெரிகின்றது. இவை நெடுங்காலம் பிரிந்திருந்து, பனி யுகம் முடிந்து காடுகள் வடக்கே பரவியபோது மறுபடி சந்தித்தன என்பது நிபுணர்கள் கண்ட முடிவு. அந்தச் சில இடத்துப் பேதந்தான், இவ்வளவு கலப்புக்குப் பிறகும் இரண்டையும் இரண்டாக வைத்திருக்கின்றது. ரோபர் ஈரம் நிறைந்த கனத்த மண்ணில் நன்றாய் வாழும். பெட்ரேயா நீர் தேங்காத வறண்ட மேட்டைத் தாங்கும். வித்தியாசத்தின் பலன் இவ்வளவே.

இப்பொழுது கேட்கின்றோம்: இதில் உயர்ந்தது எது, தாழ்ந்தது எது? பள்ளத்தில் வளருவது சூத்திரனா? மேட்டில் வளருவது பிராமணனா? பெட்ரேயாவின் நிழல் பட்டால் ரோபர் தீட்டாகிவிட்டதா? மரத்தில் வித்தியாசத்தைக் காட்டியவர்கள், உயர்வு தாழ்வையும் அதே மரத்தில் காட்டட்டுமே!

மனிதர் சங்கதியோ இன்னும் தெளிவு. ஓக்கில் இரண்டு இனம் என்றாவது சொல்ல இடமிருக்கின்றது. உலகத்து மனிதர் அனைவரும் ஒரே இனம். எந்தத் தேசத்து ஆணுக்கும் எந்தத் தேசத்துப் பெண்ணுக்கும் பிள்ளை பிறக்கின்றது. அந்தப் பிள்ளைக்கும் பிள்ளை பிறக்கின்றது. ஓக் மரத்திற்கு இலைக் காம்பாவது ஒரு குறி. நம் ஜாதிக்காரர்களுக்கு என்ன குறி? நெற்றியில் இட்டுக் கொள்வதும், தோளில் மாட்டிக் கொள்வதும், பெயருக்குப் பின்னால் ஒட்டிக் கொள்வதுந்தானே? குளத்தில் ஒரு முழுக்குப் போட்டு எழுந்தால் யார் எந்த ஜாதி என்று கண்டுபிடிக்க எவராலாகும்?

ஆகவே தோழர்களே, இனிமேல் எவராவது “மரத்திலும் ஜாதி உண்டு” என்று சொன்னால் விழிக்க வேண்டாம். “எந்த மரத்தில், ஐயா? வாருங்கள், இலையை எடுத்துப் பார்ப்போம்” என்று கேளுங்கள். பார்த்து அறிவதற்கு அஞ்சுகிறவர்களே, பாராமல் நம்பு என்று சொல்லுவார்கள்.